பூசணம் பூத்த கடலையும் என் பரிசுத்தமான ஈரலும்

அன்புள்ள மருமகப்பிள்ளைக்கு,

கடலை மண்டி மாமன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் முத்திரை குத்தியே கொடுத்திருக்கிறார்கள். உன் சௌக்கியத்துக்கு அப்படி ஏதும் அத்தாட்சி இருந்தால் தெரிவிக்கவும்.

நிற்க. உன் கிளைக் குடோனுக்கு நான் அனுப்பிய மூட்டைகளில் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கிறது, விற்கலாமா என்று கேட்டிருந்தாய். மருமகனே, பூசணம் என்பது கடலைக்கு வரும் நரை. நரைச்சவன் எல்லாம் செத்தவனா? நான் கண்டுபிடித்த வித்தையை நீயும் செய். வியாபாரி மூட்டையைப் பார்த்து முகம் சுளித்தால் பதில் பேசாதே. இருப்பதிலேயே மோசமான மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, அவன் கண்ணெதிரே மென்று முழுங்கு. எவ்வளவு கசந்தாலும் முகம் கோணக்கூடாது, அதுதான் சூட்சுமம். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் இப்படித்தான் வித்துட்டு வர்றேன். ஒரு தடவை நான் மென்ற சத்தத்தைக் கேட்டே ஒருத்தன் ஒரு கப்பல் சரக்கு எடுத்துப் போனான். நம்ம ஊருக்குக் கப்பலே வராது என்பாள் உன் அத்தை. அவள் கிடக்கிறாள்.

அவளால்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன். “உங்க தொப்பை முதல்ல வீட்டுக்கு வருது, நீங்க அப்புறமா வர்றீங்க. வலது விலாவுல வலிக்குதுன்னு வேற முனகுறீங்க”ன்னு பிடிச்சுத் தள்ளினாள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஈரலைக் கெடுக்கும் காமாலைக் கிருமி ரெண்டு தினுசாம், ரெண்டும் என்னிடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்திலும் தேறாத நான் இதில் ரெண்டிலும் பாஸ். அந்தச் சீட்டை மண்டியில் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

ஆனால் டாக்டரம்மாவுக்குத் திருப்தி இல்லை. “ஐயா, கிருமி இல்லாமலும் ஈரல்ல புத்துநோய் வரும்” என்றார்.

“நான் ஒரு சொட்டு குடிச்சவன் இல்லம்மா.”

“குடிக்காமலும் வரும்.”

“அப்போ குடிக்காம இருந்ததுக்கு என்னதான் பிரயோஜனம்?”

“குடிச்சிருந்தா இன்னும் சீக்கிரமா இங்க வந்திருப்பீங்க.”

சர்க்கரை ஏறிக் கிடக்காம், சிகரெட் ஆகாதாம், தொப்பை ஆகாதாம், ஈரலிலே கொழுப்பாம். கொழுப்பு எனக்கு வாயிலதான்னு ஊரே சொல்லுது, இந்தம்மா ஈரல்லங்கிறார். சரி, படிக்கிற காலத்துல பாடத்தை மாத்திப் படிச்சிருப்பார்னு விட்டுட்டேன். பேச்சுவாக்கில் சட்டைப்பையிலிருந்து நாலு கடலையை எடுத்து நான் வாயில் போட, “அது என்ன?”ன்னார். அவருக்கும் ஒரு பிடி கொடுத்தேன். மோந்து பார்த்தார். பேனாவைக் கீழே வெச்சுட்டார்.

“இதை யார் சாப்பிடுறா?”

“நான்தான். என் தொழிலே அதுதான்.”

அந்தப் பூசணத்தில் ஒரு நஞ்சு இருக்காம், வறுத்தாலும் போகாதாம், நேரே ஈரலைத்தான் பிடிக்குமாம். முகம் வெளிறிப்போச்சு, பாவம். நான்தான் ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்.

அப்புறம் ஸ்கேன். வயித்துல ஜில்லுனு எதையோ தடவி மெஷின்காரர் தேய்ச்சார். என் ஈரலைப் பார்த்ததும் மனுஷன் எழுந்து ஓடி, டாக்டரம்மாவைக் கையோடு கூட்டி வந்து காட்டினார். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்தார்கள். அப்பேர்ப்பட்ட ஈரல் நம்ம வம்சத்து ஈரல். ஆகையால் தைரியமாக ஒரு பிடி மென்று, மூட்டைகளைத் தள்ளிவிடு.

உன் வீட்டாருக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. பல் கெட்டியாக இருந்து, வியாபாரம் செழித்து நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ரெண்டிலும் பாஸான உன் மாமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். ஈரல் ஓரத்தில் ஒரு கட்டி. கடலை அளவாம். “பெரிய ரகமா, சின்ன ரகமாம்மா?”ன்னு கேட்டேன். “சின்ன ரகம்தான். இப்பவே எடுத்துடலாம். விட்டாதான் பெருசாகும்”னார். மூட்டைகளைத் தொடாதே. விக்காதே, மாட்டுக்கும் போடாதே, கொளுத்திவிடு. இதற்குள் மென்றுகாட்டியிருந்தால் நீயும் போய் டாக்டரிடம் காட்டு. வியாழக்கிழமை ஆபரேஷன், முந்தின நாளே வந்துவிடு. உன் அத்தையிடம் பல் பிடுங்கப் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். உண்மையை நீயே சொல்லு. எனக்கு முகம் கோணாமல் சொல்ல வரவில்லை.