மாறிய வரிகள் பூஜ்யம்

அன்புள்ள மகள் ரோசியோவுக்கு,

என்கார்னாசியோனிலிருந்து பெரியப்பா அன்செல்மோ எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் நலம். அசுன்சியோனில் நீயும் உன் கணினியும் நோய்நொடியின்றி இருக்கக் காகுப்பே மாதா அருள வேண்டும். உன் பெரியம்மா எவுலோஹியாவின் நலம் எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் குளிர்ந்த தெரெரே பானம் குடிக்கும் குவளையில் நான் பெயின்ட் பிரஷை ஊறவைத்தது தப்புதான். அதற்காக, "உங்களோட குடும்பம் நடத்துறதுக்கு எங்கக்கா வீட்டுக் கழுதையோட நடத்தலாம்" என்று சொல்லிவிட்டு வில்யாரிக்காவிலுள்ள அந்த அக்கா வீட்டுக்குப் பேருந்தேறினால் எனக்கு எப்படி இருக்கும்? அந்தக் கோபத்தில், எங்கள் கல்லறை இடங்களைப் பார்த்துக்கொள்ளும் அடக்கச் சங்கத்துக்காக நீ செய்துகொடுத்த இணையதளத்தைத் திறந்து, எங்கள் இரட்டைக் கல்லறையில் என் பக்கத்து இடத்தில் அவள் பெயருக்குப் பதிலாக "யாருமில்லை" என்று அடித்தேன். 'மாறிய வரிகள்: 1. வெற்றி' என்றது. மறுநாள் கோழிகளுக்குத் தீனி போடும்போதுதான் உறைத்தது. அவள் இருட்டுக்குப் பயப்படுகிறவள், மகளே. அங்கே போய்த் தனியாக எப்படிக் கிடப்பாள்? அவள் பெயரை மறுபடி அடித்தேன். 'மாறிய வரிகள்: 0. தோல்வி.' கண்ணாடி போட்டு அடித்தேன், மாதாவை வேண்டிக்கொண்டு அடித்தேன், அதே பூஜ்யம். இப்போது யார் பெயர் இருக்கிறதென்று பார்க்கவும் நீ வழி வைக்கவில்லை, வெறும் கட்டம்தான். சங்கத்து எழுத்தர் வில்ஃப்ரிதோவிடம் ஓடினேன்.

"கம்ப்யூட்டரு முடியாதுங்குதே, நான் என்ன பண்ண?"

"என் பெண்டாட்டிய என் பக்கத்துல போடச் சொல்றேன்யா."

"மொதல்ல அவங்களக் கேட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆகவே மகளே, ஒன்று அவளைச் சேர், இல்லையென்றால் என் பெயரையும் அங்கிருந்து எடுத்துவிடு. அவளில்லாத இடத்தில் எனக்குக் கல்லும் வேண்டாம், சிலுவையும் வேண்டாம்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
துக்கத்திலிருக்கும் பெரியப்பா,
அன்செல்மோ

பி.கு.: உறையை ஒட்டும் முன், வில்ஃப்ரிதோ சொல்லி உன் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. "பெரியப்பா, சங்கத்துல ஆளுக்கொரு வரி இருக்கு. எத்தன வரி மாறுச்சோ அதத்தான் கணக்குச் சொல்லும். ஏற்கெனவே அதே பேரு இருந்தா மாத்த ஒண்ணுமில்ல, பூஜ்யம் வரும். அதத் தோல்வின்னு காட்டுனது என் தப்பு" என்றாய். அப்படியானால் எனக்கு முன்னால் அவள் பெயரைத் திரும்ப எழுதியது யார்? உடனே வில்யாரிக்காவுக்கு அழைத்தேன்.

"பேர எடுத்தாச்சுன்னு சங்கத்துலேர்ந்து செய்தி வந்துச்சு. யாரக் கேட்டு எடுத்தீங்க? நானே திரும்பப் போட்டுக்கிட்டேன்" என்றாள்.

"அப்ப வீட்டுக்கு வர்றியா?"

"செத்தப்புறம் பக்கத்துல படுக்கத்தான் பேரு போட்டேன். வீட்டுக்கு வர்றேன்னு எங்க சொன்னேன்?"

மேலே கேட்ட எதையும் செய்துவிடாதே. பேருந்து நிலையத்திலிருந்து எழுதுகிறேன். வில்யாரிக்கா வண்டியை எடுக்கிறார்கள்.