மாவு மூட்டைக்குள் ஒளித்த பிளக்

இந்த வருஷம் மாமியார் வீட்டுக் கழிப்பறையை நான் அள்ளப்போவதில்லை. குளிர்காலத்துக்கு மோட்டார் சைக்கிளை மூடி வைத்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் லடாக்கில் பனி உருகினால் பூ பூக்கிறதோ இல்லையோ, மாமியார்கள் மருமகனைத் தேடுவார்கள். வருஷம் முழுக்க மேலே மண்ணைப் போட்டு மக்கவைத்த கழிப்பறைக் குழியைத் திறந்து, எருவைக் கூடையில் சுமந்து வயலில் கொட்ட வேண்டும். அம்பெய்யும் போட்டியும் சரியாக அன்றைக்குத்தான் வரும்.

வண்டி ஓடாவிட்டால் மாமியார் ஊருக்கு எப்படிப் போவது? அதனால் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியில் சுற்றி, வறுத்த பார்லி மாவு மூட்டைக்குள் புதைத்துவிட்டேன். போட்டியன்று காலையில் மாட்டினால் போதும், பறந்துவிடலாம்.

வசந்தம் வந்தது. பழைய பெட்ரோலைக் கொட்டினேன். கார்புரேட்டரைக் கழுவினேன். பேட்டரியை மாட்டினேன். மனைவி யாங்ஸோம் பார்க்கும்படி உதைத்தேன், உதைத்தேன், கால் வீங்க உதைத்தேன்.

“என்னங்க, ஸ்டார்ட் ஆகுதா?”

“குளிர்ல செத்துப்போச்சு.”

“பேட்டரியை அடுப்புப் பக்கத்துலயே தூங்க வெச்சீங்களே. நம்ம குழந்தைக்குக்கூட அந்த இடம் கிடைக்கல.”

“எஞ்சினுக்கு யாரு போர்வை போத்துனா?”

போட்டி நாள். விடிந்ததும் வில்லை மாட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். மூட்டையைக் காணோம்!

“மாவு மூட்டை எங்கே?”

“வாரத்துக்கு ஒரு பஸ், நேத்து வந்துச்சே, அதுல அம்மாவுக்கு அனுப்பிட்டேன். ஏன்?”

“மாவு தின்னணும்போல இருக்கு.”

“வில்லை மாட்டிக்கிட்டா?”

“பசி.”

“இந்தாங்க ரொட்டி.”

“எனக்கு அந்த மாவுதான் வேணும்!”

“அப்ப அம்மா வீட்டுக்கு நடங்க. மருமகன் ஆசையாக் கேட்டா தரமாட்டாங்களா?”

வில்லைக் கழற்றி வைத்துவிட்டு, மேடு ஏறி இறங்கி, நாக்குத் தள்ளப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே மாமியார். ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் கூடை.

“வாங்க மாப்பிள்ளை! மாவு வேணும்னு யாங்ஸோம் போன் பண்ணா. இதை அள்ளிட்டு வாங்க, அதுக்குள்ள சலிச்சு வைக்கிறேன்.”

“சலிக்காதீங்க! மூட்டையோட வேணும்!”

“சரி, சலிக்கல. நீங்க அள்ளுங்க.”

அள்ளினேன். கடைசிக் கூடையைக் கொட்டிய பிறகுதான் மூட்டை வெளியே வந்தது. முழங்கை வரை விட்டுத் துழாவினேன். மாவு. தோள் வரை விட்டேன். இன்னும் மாவு.

“மாப்பிள்ளை, தின்னத்தானே கேட்டீங்க? குளிக்கிறீங்களே!”

அப்போது பாதையில் டுபுடுபு என்று சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். என் வண்டி! அதன்மேல் யாங்ஸோம். முதுகில் குழந்தை, தோளில் என் வில்.

“பிளக்கை அப்பவே எடுத்துட்டேங்க. மாவு அள்ளுறப்ப கைல குத்துச்சு.”

“அடிப்பாவி, சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா அள்ளியிருப்பீங்களா? குழந்தையைப் பிடிங்க, எனக்குப் போட்டிக்கு நேரமாச்சு.”

சாயங்காலம் பரிசோடு திரும்பி வந்தாள். புத்தம்புது மண்வெட்டி.