எடுத்த கை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவர் வேண்டியவர்கள் சுவரில் சாயுங்கள், கால் நீட்டுகிறவர்கள் நீட்டுங்கள். ஒரு ரோஜாத் தொட்டியின் கதை சொல்கிறேன். இதில் ஒரு திருடர் வருகிறார். தங்கமான மனுஷர்.

அந்தத் தங்கமான மனுஷர் அன்று காலை, வேலைக்குப் போகிற உடுப்போடு, தன் வீட்டுக் குளியலறைக்குள் ஒரு ரோஜாத் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கதவுக்கு வெளியே மாடி வீட்டு டீச்சரின் குரல் கேட்டது.

"என் ரோஜாத் தொட்டியக் காணோம்க்கா. ரெண்டு மாச லீவுக்குப் போறப்போ, பெருக்குறவங்க தண்ணி ஊத்துவாங்கன்னு கீழ குழாயடியில வெச்சுட்டுப் போனேன். வந்து பார்த்தா இல்ல."

"அடப்பாவமே," என்றாள் அவர் மனைவி. அந்தப் பாவம் யாரைச் சேர்ந்தது என்று உள்ளே இருந்தவருக்குத் தெரியும்.

"வாங்கின செடின்னா போகட்டும்னு விட்டுடுவேன். எங்க அத்தை குடுத்தனுப்பினது. 'என் கையால வளர்த்தது, வாட விட்டுடாதே'ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட அத்தனை தடவை சொல்லி அனுப்பியிருக்காங்க. இந்த ஞாயித்துக்கிழமை அவங்களே வர்றாங்க. மருமக எங்கேன்னு கேக்குறதுக்கு முன்னாடி செடி எங்கேன்னுதான் கேப்பாங்க. நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கலையே," என்றாள் மனைவி.

"அண்ணா பார்த்திருப்பாரோ? எங்க அவர்?"

"குளிக்கிறார்."

குளியலறையில் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

"என்னங்க, தண்ணி வருதா?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

அவர் புரிந்துகொண்டு அவசரமாகக் கையில் அகப்பட்டதைத் திருகினார். அது ஷவர். ரோஜா குளித்தது, சட்டை குளித்தது, சட்டைப்பையில் இருந்த பேனா குளித்து நீலமாக அழுதது.

யார் இந்த மனுஷர் என்று கேட்பீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிறவர். அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'மிச்சம்'. எதையும் தூக்கி எறியமாட்டார். மனைவியின் சேலை கிழிந்தால் ஜன்னல் திரை. திரை கிழிந்தால் தலையணை உறை. உறையும் கிழிந்தால் அடுப்படியில் கைப்பிடித் துணி. ஒருநாள் மனைவி கேட்டே விட்டாள்: "நான் கிழிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"நீ கிழியாம பார்த்துக்கத்தான் இவ்வளவும் மிச்சம் பிடிக்கிறேன்," என்றார் அவர். அதற்குமேல் அவளால் கோபப்பட முடியவில்லை.

கடையில் கழித்துப்போட்ட கண்ணாடி வில்லைகளைக் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டிருந்தார். காற்றடித்தால் கிணிகிணி என்று ஊராருடைய பழைய பார்வையெல்லாம் பேசிக்கொள்ளும். ஓட்டை வடிகட்டி விளக்குக்குத் தொப்பி ஆகியிருந்தது. பால்கனியில் ஒழுகுகிற கெண்டியில் கற்றாழை, பழைய ஹெல்மெட்டில் புதினா, ஜோடி தொலைந்த ஷூவில் பச்சை மிளகாய். வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, போகும்போது ஒரு கொத்துப் புதினா கேட்டு வாங்கிப் போவார்கள்.

அந்த ரோஜாத் தொட்டியை அவர் எப்படி எடுத்தார் என்றால், குழாயடிக்கு ஒரு பக்கத்தில் குப்பைத்தொட்டி இருக்கிறது. குழாய்க்கும் அதற்கும் நடுவில் இது நின்றது. ஒரு இலை இல்லை, குச்சி விறகாகக் காய்ந்திருந்தது. பெருக்குகிற அம்மாளும் லீவில் போயிருந்தாள். 'எந்தப் புண்ணியவானோ எறிந்துவிட்டான்' என்று மிச்சம் அதைத் தூக்கி வந்து, காய்ந்ததை வெட்டி, தேயிலைச் சக்கையும் முட்டை ஓடும் வெங்காயத் தோலும் போட்டு, கடைப் பலகைக்கு அடித்து மீந்த நீலப் பெயிண்டைத் தொட்டிக்கு அடித்தார். செடி பிழைத்தது. இன்றைக்குத்தான் முதல் பூ விரிந்திருந்தது, பாலாடை நிறத்தில், கிண்ணம்போல. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டு முடிப்பதற்குள் டீச்சர் கதவைத் தட்டிவிட்டாள்.

டீச்சர் போனதும் சொட்டச் சொட்ட வெளியே வந்தார்.

"நேரா போய்ச் சொல்லிடறேன். எறிஞ்சதுன்னு நினைச்சு எடுத்தேன், அவ்வளவுதானே."

"சொல்லுங்க," என்றாள் மனைவி. "போற வழியில படிக்கட்டுச் சுவர்ல ஒரு நோட்டீஸ் இருக்கும். அதையும் ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க."

அவர் முகம் தொங்கிவிட்டது.

நோட்டீஸ் அவர் எழுதியதுதான். போன வருஷம் அவருக்கே ஒரு திருட்டு நடந்திருந்தது. கடை விழாவுக்கு வந்த பூச்செண்டில் வாடிப்போன ஒரு ரோஜாக் குச்சியை எடுத்து வந்து, விரிசல் விட்ட மஞ்சள் வாளியில் நட்டு, கைப்பிடி இல்லாத அந்த வாளிக்குப் பழைய மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பிகளை முறுக்கிக் கைப்பிடி செய்து, மாடிப்படிக்கு அடியில் நிழலில் வைத்திருந்தார். இரண்டு இலை விட்டது. அப்புறம் ஒருநாள் வாளியோடு காணாமல் போனது. மனுஷர் சாப்பிடவில்லை. அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினார்:

'படிக்கடியில் இருந்த மஞ்சள் வாளியையும் ரோஜாவையும் எடுத்தவர் திருப்பி வைக்கவும். இல்லையேல் எடுத்த கை விளங்காது.'

ஒட்டியதோடு விட்டாரா? போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "ஒரு குச்சியக்கூட விடமாட்டேங்கிறானே, அவனெல்லாம் மனுஷனா?" என்று வருஷம் முழுக்கப் புலம்பினார். இப்போது எந்த வாயால் போய்ச் சொல்வது?

"இப்ப என்ன பண்றது?" என்றார்.

"எடுத்த இடத்துலயே வெச்சுடுங்க."

மறுநாள் விடிந்ததும் தொட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில், பால் வாங்கிக்கொண்டு ஏறிவந்த டீச்சர் எதிரே நின்றாள். துண்டு நழுவியது. பூ தலையை நீட்டியது.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றாள் டீச்சர். "எங்க கிடைச்சது அண்ணா?"

"மச்சான் குடுத்தான்," என்றார். அந்த மச்சான் அதுவரை இவருக்குக் கொடுத்ததெல்லாம் புத்திமதி ஒன்றுதான்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"கீழ, கொஞ்சம் வெயில் காட்டலாம்னு."

"குழாயடியிலயா? உங்க வாளியும் போச்சு, என் தொட்டியும் போச்சு, இன்னும் புத்தி வரலையா அண்ணா உங்களுக்கு? அவன் இதுக்குன்னே கண்ண வெச்சுட்டு உட்கார்ந்திருப்பான். குடுங்க இப்படி." பாலை அவர் கையில் கொடுத்துவிட்டு, தொட்டியைத் தானே சுமந்து வந்து அவர் பால்கனியில், ஹெல்மெட்டுக்கும் ஷூவுக்கும் நடுவில் பத்திரமாக வைத்தாள். "உள்ளயே இருக்கட்டும். காலம் கெட்டுக் கிடக்கு."

அவள் போனபிறகு மனைவி சொன்னாள்: "திருட்டுக் கொடுத்தவளே சுமந்துட்டு வந்து வெச்ச ஒரே திருட்டுச் சொத்து உலகத்துல இதுவாத்தான் இருக்கும்."

அவர் வலது கை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் தடுமாறியபோது முள் குத்தியிருந்தது. சாயங்காலத்துக்குள் விரல் வெண்டைக்காயாக வீங்கிவிட்டது. கடையில் ஒரு திருகாணியைப் பிடிக்க முடியவில்லை.

"எடுத்த கை," என்றாள் மனைவி, வேறொன்றும் சொல்லாமல்.

முதலில் அந்த நோட்டீஸ் ஒழிய வேண்டும் என்று முடிவு செய்தார். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் ஒரு மூலையை உரித்தார். மேலே கதவு திறந்தது.

"என்னண்ணா, பிரிஞ்சு வருதா?" டீச்சர்தான். "நானும் பார்த்தேன், ஓரமெல்லாம் கிளம்புது. இருங்க."

உள்ளே போய் அகலமான ஒட்டுநாடா எடுத்து வந்து, நாலு பக்கமும், குறுக்கேயும், நெடுக்கேயும் ஒட்டினாள். இனிச் சுவர் போனாலும் நோட்டீஸ் போகாது. "இதுல என் தொட்டியையும் சேர்த்து எழுதிடுங்க அண்ணா. உங்க கையெழுத்துதான் பயமா இருக்கு."

வீங்கிய விரலால் அவர் கீழே எழுதினார்: 'ரோஜாத் தொட்டி எடுத்தவருக்கும் இதுவே.'

தன்னைத் தானே சபித்து, அதையும் நல்ல கையெழுத்தில் எழுதின மனுஷரை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சனிக்கிழமை டீச்சர் மறுபடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கேக்கவே வெட்கமா இருக்கு. அத்தை நாளைக்கு வர்றாங்க. பாவம், வழுக்கி விழுந்து கை முறிஞ்சு, மாசக்கணக்கா ஆறவே மாட்டேங்குது. இந்த நேரத்துல செடியத் தொலைச்சுட்டேன்னு சொல்ல மனசு வரல. உங்க மச்சான் குடுத்த அந்த ரோஜா, அச்சு அசல் எங்களுது மாதிரியே இருக்கு. ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா, அதுதான் இதுன்னு சொல்லிடுவேன். பொய்தான். என்ன பண்றது."

மிச்சத்தின் முகம் வெள்ளை அடித்ததுபோல் ஆயிற்று. "எடுத்துக்கோம்மா," என்றார். "ஒரு நாள் என்ன, நீயே வெச்சுக்கோ. திருப்பியே தரவேண்டாம்."

"ஐயோ, அது தப்புண்ணா. அடுத்தவங்க பொருள் எனக்கெதுக்கு?" என்றாள் டீச்சர்.

அந்த வார்த்தை அவரைக் கன்னத்தில் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீச்சர் இருவரையும் டீ குடிக்கக் கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியுமா? போனார்கள். டீச்சரின் மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வலது கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. எதிரே முக்காலியில் நீலத் தொட்டி.

"எங்கிட்ட இருந்தவரைக்கும் ஒரு மொட்டு வெச்சதில்ல," என்றார் மாமியார், பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து. "எம் மருமகளுக்குக் கைராசி. தொட்டிக்குச் சாயம்கூட அடிச்சிருக்கா பாரு."

டீச்சர் தரையைப் பார்த்தாள். மிச்சம் டீயைப் பார்த்தார். மனைவி பிஸ்கட்டைப் பார்த்தாள். அந்த அறையில் பிஸ்கட் ஒன்றுதான் நிம்மதியாக இருந்தது.

"இவங்கதான் அத்தை, கீழ் வீட்டு அண்ணா," என்று டீச்சர் பேச்சை மாற்றினாள். "படியில ஒரு நோட்டீஸ் பார்த்தீங்களே, நின்னு ரெண்டு தடவை படிச்சீங்களே, அது இவர் எழுதினது."

மாமியார் கையிலிருந்த கோப்பை தட்டில் இடறியது. அவர் மிச்சத்தின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு வீங்கிய விரலைப் பார்த்தார், பிறகு எதையுமே பார்க்கவில்லை.

'தெரிந்துவிட்டது,' என்று நினைத்தார் மிச்சம். பெரியவர்களுக்கு ஒரு பார்வை போதும்.

கிளம்பும்போது மாமியாரும் எழுந்தார். "கொஞ்சம் காத்தாட நடக்கணும். தம்பி, கீழ வரைக்கும் என்னைப் பிடிச்சு இறக்கி விடுறீங்களா?"

மனைவி மிச்சத்தைப் பார்த்தாள். அவர் கொலைக்களத்துக்குப் போகிறவரைப்போல எழுந்தார்.

படிப்படியாக இறங்கினார்கள். நோட்டீஸ் முன்னால் வந்ததும் மாமியார் நின்றுவிட்டார். ஒட்டுநாடா பளபளத்தது. இனித் தாங்காது என்று மிச்சத்துக்குத் தெரிந்தது.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க," என்றார். "அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. குழாயடியில இருந்து தொட்டிய எடுத்தது நான்தான். குப்பையில போட்டதுன்னு நினைச்சுட்டேன். உங்க செடிதான் அது. ஊரைத் திருடன் திருடன்னு திட்டிட்டு, நானே இப்படிப் பண்ணிட்டேன். வெட்கமா இருக்கும்மா. டீச்சர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

மாமியார் அக்கம்பக்கம் பார்த்தார். மேல் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் நல்ல கையை நீட்டி நோட்டீஸின் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"நீங்க எடுத்தது கிடக்கட்டும் தம்பி," என்றார் மெதுவாக. "போன வருஷம் இங்க வந்தப்போ நானும் குப்பைன்னுதான் நினைச்சு எடுத்துட்டுப் போனேன், மஞ்சள் வாளி, கம்பியோட, எங்க வீட்டுல பத்திரமா இருக்கு. அதுல இருந்த குச்சிதான் இந்த ரோஜா. மொதல்ல இந்தக் காகிதத்தைக் கிழிங்க, இந்தக் கை என்னிக்குத்தான் விளங்குறது?"

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் காய்ந்த குச்சியெல்லாம் துளிர்க்கட்டும். கொடுத்த கையும் விளங்கட்டும், தெரியாமல் எடுத்த கையும் விளங்கட்டும்.