பீட்சாவுக்கு முந்தைய திருப்தி

பசியோடு ஒருவர் பீட்சாக் கடைக்குள் நுழைந்தால், வெளியே போகும்போது அவர் வயிற்றில் பீட்சா இருக்க வேண்டும். பதினோரு வருடங்களாக எங்கள் கடை இந்தக் கொள்கையின்படிதான் நடந்துவந்தது. இது எவ்வளவு பிற்போக்கான கொள்கை என்பது, வாடிக்கையாளர் திருப்தி அளவீட்டு அலுவலகம் எடுத்துச் சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது.

கடை என் சித்தப்பாவுடையது. மொத்தம் ஆறு மேசைகள். ஆறாவது மேசை ஆடும் என்பதால் அதன் காலுக்கடியில் பழைய மெனு அட்டையை நாலாக மடித்து வைத்திருக்கிறோம். ஆர்டர் எழுதுவது நான். கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். வருகிறவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வாய் எதற்கு என்று சித்தப்பா என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அடுப்படி மாஸ்டருடையது. மாஸ்டர் பீட்சாவை அளந்து வெட்டமாட்டார், ஆளைப் பார்த்து வெட்டுவார். சமையலறை ஜன்னல் வழியே தலையை நீட்டி மேசைகளை ஒரு நோட்டம் விடுவார். மெலிந்தவருக்குப் பெரிய துண்டு. தொப்பை போட்டவருக்குச் சின்னத் துண்டு. கண்ணில் தூக்கம் தெரிந்தால் ஓரம் நன்றாகக் கருகிய துண்டு. "கருகினதைக் கடிச்சா தூக்கம் தானா போயிடும்" என்பார். இதோடு திட்டும் இலவசம்.

"பதினேழாம் நம்பர்! மூணு தடவை கூப்பிட்டாச்சு. காதுல என்ன, பாலாடைக்கட்டியா அடைச்சிருக்கு?"

பதினேழாம் நம்பர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து வாங்கிக்கொள்வார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கோணமானி இருக்கும்.

"எட்டுத் துண்டுன்னா ஒவ்வொண்ணும் நாற்பத்தஞ்சு பாகை இருக்கணும். இது முப்பத்தொன்பதுதான் இருக்கு."

"மிச்ச ஆறு பாகை ஏற்கெனவே உங்க வயித்துல இருக்கு சார்" என்பார் மாஸ்டர்.

வாத்தியார் முறைத்துவிட்டு ஒரு துணுக்கு விடாமல் சாப்பிடுவார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்துவிடுவார்.

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது. "பொருள்: உரிமம் புதுப்பித்தல் – திருப்தி மதிப்பெண் கோருதல் – தொடர்பாக. பார்வை: தங்களுக்கு இதுவரை அனுப்பப்படாத எமது கடிதம்." மாத இறுதிக்குள் வாடிக்கையாளர் திருப்தி நூற்றுக்குத் தொண்ணூறைத் தொடாவிட்டால் கடையின் உரிமம் புதுப்பிக்கப்படமாட்டாது என்று மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்ளப்பட்டிருந்தது. கூடவே கட்டுக்கட்டாகப் படிவங்கள். ஒவ்வொன்றிலும் நாற்பத்தொரு கேள்விகள். முதல் கேள்வி: "கடைக்குள் நுழைகையில் கதவு தங்களை எவ்வாறு வரவேற்றது?"

சித்தப்பா கவலைப்படவில்லை. "பதினோரு வருஷமா வர்ற ஜனங்கம்மா. நம்ம கடைக்கு நூறு போடாம யாருக்குப் போடுவாங்க?"

முதல் வாரத்தின் சராசரி ஐம்பத்திரண்டு.

சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதிரே ஆறாவது மேசை. அவர் கை வைத்ததும் அதுவும் ஆடியது. வாத்தியார் படிவத்தின் பின்பக்கத்தில் படம் வரைந்து பாகங்களைக் குறித்திருந்தார். தினமும் இரண்டு பீட்சா சாப்பிடும் பல் டாக்டரம்மா "ஓரம் கடினம், பற்களுக்கு நல்லதல்ல" என்று எழுதியிருந்தார். சித்தப்பா வாத்தியாரிடமே கேட்டுவிட்டார்.

"ஏன் சார், பிடிக்கலைன்னா எதுக்கு தினமும் வர்றீங்க?"

"பிடிக்கலைன்னு யார் சொன்னது? நல்லாத்தான் இருக்கு. ஆனா மெனக்கெட்டு ஒரு தாளைக் கொடுத்துக் கேக்கறீங்க. வெறுமனே நல்லாருக்குன்னு எழுதினா கேட்டவங்களுக்கு என்ன மரியாதை?"

இரண்டாவது வாரம் ஒருநாள் மாவு உப்பவில்லை. கூட்டம் காத்திருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் சத்தம் போடுவார்களே என்று சித்தப்பா அவர்கள் கையில் படிவத்தைக் கொடுத்து வைத்தார். அன்றைக்கு வந்த படிவங்களைக் கூட்டிப் பார்த்த நான் இரண்டாவது தடவையும் கூட்டினேன். தொண்ணூற்றாறு. பசியோடு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். வாத்தியார்கூட "கோணங்கள் சரியாக இருக்கும் என நம்புகிறேன்" என்று எழுதியிருந்தார்.

நான் வரைபடம் போட்டேன். வாயைத் திறக்காதவள் வரைபடம் போட்டால் வீட்டில் பயப்படுவார்கள். சித்தப்பா பயந்துகொண்டே பார்த்தார்.

"இந்தக் கோடு ஏன் இங்க சடார்னு கீழ விழுது?"

"அங்கதான் சித்தப்பா பீட்சா வருது."

அப்படிச் சொன்னதற்காக என் பேராசிரியர்கள் என்னை மன்னிப்பார்களாக. புள்ளிவிவரப்படி அது முற்றிலும் சரி.

மறுநாள் முதல் படிவம் முன்னால், பீட்சா பின்னால் என்று ஆனது. சராசரி தொண்ணூற்று நாலு. செய்தி அலுவலகத்துக்கு எட்டியதும் திருப்தி அலுவலரே நேரில் வந்தார். இரும்புப் பெட்டி மாதிரி ஒரு கைப்பை, சட்டையில் சிரிக்கும் முகம் போட்ட வில்லை. அந்த வில்லையைத் தவிர அவரிடம் வேறெதுவும் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

"மதிப்பெண் பரவாயில்லை. ஆனா ஒரு குறை" என்றார்.

"சொல்லுங்க சார், திருத்திக்கறோம்."

"படிவம் எழுதும்போது முகமெல்லாம் பிரகாசமா இருக்கு. பீட்சா வந்ததும் ஊதறாங்க, உஸ்ஸுங்கறாங்க, அதோ அந்தப் பெரியவர் கோணமானியை எடுக்கறாரு. இதுக்குத் திருப்திக்குப் பிந்தைய சரிவுன்னு பேரு. மாத இறுதி ஆய்வுல இது கணக்குல வரும்."

"அதுக்கு என்ன பண்றது சார்?"

"சரிவுக்குக் காரணமான பொருளை முடிஞ்சவரைக்கும் தள்ளிப்போடுங்க."

ஜன்னலில் மாஸ்டரின் தலை தெரிந்தது. "அந்தப் பொருள் நான் போட்ட பீட்சாவா?"

"நான் பொருள்னு பொதுவாச் சொன்னேன்" என்றார் அலுவலர்.

கால் மணி நேரத்தில் வந்த பீட்சா அரை மணி நேரம் ஆனது, பிறகு ஒரு மணி நேரம். ஒவ்வொரு தள்ளலுக்கும் மதிப்பெண் ஒரு படி ஏறியது. மூன்றாவது வாரக் கடைசியில், தள்ளித் தள்ளி வைத்த பீட்சா வராமலே நின்றுபோனது. சராசரி தொண்ணூற்றொன்பது.

பீட்சா இல்லாத கடைக்கு யார் வருவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் கூட்டம் இரண்டு மடங்கானது. மின்விசிறி இருந்தது. நன்றி அட்டை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உட்கார வைத்து நாற்பத்தொரு விஷயங்களில் அவர்களுடைய கருத்தைக் கேட்டோம்.

"எங்க வீட்டுல நான் என்ன நினைக்கறேன்னு ஒரு கேள்விகூட யாரும் கேக்கறதில்ல" என்றார் வாத்தியார், இரண்டாவது படிவத்தை வாங்கிக்கொண்டே. பல் டாக்டரம்மா தன் மாமியாரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறாவது மேசையில் எழுத்து கோணலாகிறது என்று அதில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

கஷ்டப்பட்டது மாஸ்டர் ஒருவர்தான். காலையில் வந்து பழக்கதோஷத்தில் மாவு பிசைந்துவிடுவார். பிசைந்த மாவு உப்பியே தீரும். அதற்கு அலுவலகத்தின் கடிதம் எதுவும் போய்ச் சேரவில்லை.

"ஏம்மா பேசாமடந்தை, படிச்ச பொண்ணு நீ. என் அடுப்பை அணைச்சிட்டு எதைத் தூக்கி நிறுத்தப்போறே?"

"உரிமத்தை மாஸ்டர்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மாஸ்டர் விறுவிறுவென்று உள்ளே போனார். கொல்லைச் சந்துப் பக்கம் இருந்த ஜன்னலைத் திறந்தார், அடுப்பை மூட்டினார், மாவைத் தட்டி உள்ளே தள்ளினார். வாசனை சந்து முனையைத் தாண்டியது. முன்பக்கம் படிவம் எழுதி முடித்துத் திருப்தியோடும் பசியோடும் வெளியே வந்தவர்கள் வாசனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே பின்பக்கம் போனார்கள்.

"தள்ளாதீங்கய்யா! ஏம்மா டாக்டரம்மா, ஊர்ப்பல்லெல்லாம் பாக்கறீங்களே, வரிசைன்னா என்னன்னு தெரியாதா? சார், கோணமானியை உள்ள வைங்க, இல்லன்னா அதையும் சேத்துச் சுட்டுருவேன்!"

சந்தெல்லாம் சிரிப்பு. சுவரில் சாய்ந்தும், படியில் உட்கார்ந்தும், நின்றபடி உஸ்ஸென்று ஊதியும் சாப்பிட்டார்கள். வாத்தியார் முப்பத்தெட்டுப் பாகையை மடித்து ஒரே வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். நானும் மதியத்தில் நழுவிப் போய் வரிசையில் நின்றேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காத்தடிச்சா பறந்துருவே" என்று எனக்குப் பெரிய துண்டாக வெட்டித் தந்தார்.

மாதக் கடைசி நாளில் அலுவலர் சான்றிதழோடு வந்தார். "முழுத் திருப்தி நிறுவனம்" என்று பொன்னிற எழுத்து. சித்தப்பா கை நீட்டும் நேரத்தில் அலுவலரின் மூக்கு நிமிர்ந்தது. சான்றிதழைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசனை போன வழியே நடந்தார். சித்தப்பா பின்னால் ஓடினார்.

சந்தில் அவருக்கும் ஒரு துண்டு வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது துண்டுக்கு அவரே தட்டை நீட்டினார்.

"ஆபீசரா? இப்படிக் காஞ்சு போயிருக்கீங்களே. சாப்பிடுங்க, அப்புறம் கையெழுத்து நல்லா வரும்" என்றார் மாஸ்டர்.

அலுவலர் முதல்முறையாகச் சிரித்தார். வில்லையில் இருந்த முகமும் அவருடைய முகமும் அப்போது ஒரே மாதிரி இருந்தன. வாயைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இங்க படிவம் எங்கே?"

"இங்க படிவம் இல்லைங்க" என்றார் சித்தப்பா மெதுவாக.

"அப்போ இத்தனை பேர் சந்தோஷமா இருக்கறது எந்தப் பதிவேட்டுல ஏறுது?"

அளவிடப்படாத திருப்தி எந்த அளவுக்கு ஆபத்தானது என்று அவர் நின்ற இடத்திலேயே விளக்கினார். ஆனாலும் நியாயமான மனிதர். எங்களைத் தண்டிக்கவில்லை, கருத்துத்தான் கேட்டார். கைப்பையைத் திறந்து சந்தில் இருந்த எல்லோருக்கும் படிவம் கொடுத்தார். எண்ணெய்க் கையைச் சுவரில் துடைத்துவிட்டு எல்லோரும் எழுதினார்கள். எனக்கும் ஒன்று வந்தது.

அங்கேயே வைத்துக் கூட்டச் சொன்னார். நான்தான் கூட்டினேன். முப்பத்தொன்று.

வாத்தியார் கோணத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். பல் டாக்டரம்மா வரிசை ஒழுங்குக்கு ஒன்று. அலுவலரே தன் படிவத்தில் "நாக்கு சுட்டது" என்று எழுதி இரண்டு போட்டிருந்தார். யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே சொல்லாத ஒரு பெண், நல்ல கையெழுத்தில், "ஓரம் சற்றே கருகல்" என்று எழுதி மூன்று போட்டிருந்தாள். புள்ளிவிவரம் நேர்மையாக இருக்க வேண்டும் இல்லையா?

விதிப்படி பின்ஜன்னலுக்கு முத்திரை வைக்கப்பட்டது. அடுப்பு அணைக்கப்பட்டது. முன்பக்கத்துக்குச் சான்றிதழும் பத்து வருட உரிமமும் கிடைத்தன. சித்தப்பா இரண்டையும் சட்டம் போட்டு மாட்டினார்.

மறுநாள் மதியம் சந்தில் பெரிய கூட்டம். மூடிய ஜன்னலைப் பார்த்து எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவன்யா அவன், ஒரு ஸ்டார் போட்டவன்? மனசாட்சி வேணாம்?" என்றார் வாத்தியார்.

"அதானே! சாப்பிட்ட எடத்துக்குத் துரோகம் பண்ணலாமா?" என்றார் பல் டாக்டரம்மா.

வரிசையில் நாலாவதாக நின்ற அலுவலர், தீர விசாரிக்கப்படும் என்று உறுதியளித்தார். நான் வழக்கம்போல் எதுவும் பேசவில்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் முன்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். மாஸ்டருக்கு இப்போது முன்பக்கத்தில்தான் வேலை. பீட்சா தள்ளும் அந்த நீளக் கரண்டியிலேயே படிவங்களை வைத்து மேசை மேசையாக நீட்டுகிறார். நான் சாப்பாட்டு இடைவேளையில் ஆறாவது மேசையில் உட்கார்ந்திருந்தேன். அருகில் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெலிஞ்சு போயிட்டியேம்மா" என்று இரண்டு படிவமாக வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு நல்ல பசி. இரண்டிலும் ஐந்து நட்சத்திரம் போட்டேன்.