கன்னக்களவுக்கு நாலு லட்சணம்

திருட்டை இத்தனை மரியாதையாக விசாரிக்கிற இடம் உலகத்திலேயே கேரளத்துச் சாமிப்பாறை தேயிலை எஸ்டேட் ஒன்றுதான். இங்கே எடுத்த எடுப்பில் யாரும் கள்ளனைத் தேடி ஓடுவதில்லை. நடந்தது களவுதானா என்று முதலில் 'ஆராய்வார்கள்'. இதற்கென்றே கம்பெனி செலவில் இங்கிலாந்து போய் ஆறு மாதம் சட்டம் படித்துவந்தவர் வெல்ஃபேர் ஆபீசர் ஜிஜோ. எஸ்டேட்டை உண்டாக்கியவன் வெள்ளைக்காரன், ஆகவே இங்கே செல்லுபடியாவதும் அவன் சட்டமே என்பது அவருடைய தீர்க்கமான முடிவு.

கொழுந்து கிள்ளும் சிசிலி இந்தப் பெருமையெல்லாம் அறியாதவள். மத்தியானம் சாப்பிட, கம்பெனி கட்டிக்கொடுத்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்தால், தையல் மெஷினைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப்போகும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துத் தருவதாகக் கோயிலில் சொல்லியிருந்தாள். இன்னும் ஏழு பாக்கி. ஃபீல்டு ஆபீசர் ஷைஜு மெஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதைப் பக்கத்து வீட்டு மாரீஸ்வரி பார்த்திருக்கிறாள். சிசிலி ஆபீசுக்கு ஓடினாள்.

"ஐயா, உள்ள வரலாமா?"

"வா, வா," என்றார் ஜிஜோ.

அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே மெஷின் இருந்தது. ஊசிக்கு அடியில் டூரிஸ்ட் பங்களாவுக்கான நீலத் திரைச்சீலை.

"அந்தா இருக்குல்லா என் மெஷினு!"

"அவசரப்படாதே. வீடு புகுந்து திருடுற கன்னக்களவுக்கு நாலு லட்சணம் உண்டு. ஒண்ணு, நுழையணும். ஷைஜு நுழைஞ்சானா?"

"பின்ன, மெஷினு தானா நடந்தா வந்துச்சு?"

"சரி, நுழைஞ்சான். ரெண்டு, நுழைஞ்சது கட்டடமா இருக்கணும். உன் வீட்டுக்குக் கூரை இருக்கா?"

"போன மழையில பாதி போச்சு. மாத்தித் தாங்கன்னு உங்ககிட்டதான் நாலு மனு குடுத்தேன்."

"பாத்தியா, கட்டடம் இல்லேன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கே." மனுக்கள் நாலும் பத்திரமாக அவர் ஃபைலில் இருந்தன. கம்பெனியில் எந்த மனுவும் வீணாவதில்லை.

"மூணு, அனுமதி இல்லாம நுழையணும். லயம் கம்பெனியோடது, சாவி ஒண்ணு எப்பவும் ஆபீஸ்ல தொங்குது. நாலாவதுதான் முக்கியம். நுழையும்போதே திருடுற எண்ணம் இருக்கணும். ஷைஜு ஒழுகுற இடத்தைப் பாக்கத்தான் போனான். மெஷினைப் பாத்த அப்புறம்தான் எண்ணமே வந்துச்சு."

"எண்ணம் பொறகு வந்தா களவு இல்லியா?"

"கன்னக்களவு இல்லை. இங்கிலாந்துல கேட்டுப் பார்."

கோபத்தில் சிசிலிக்குக் காது சுட்டது. ஆனாலும் பாடம் நன்றாகவே புரிந்துவிட்டது. திரைச்சீலையை உருவி மேஜைமேல் போட்டாள். மெஷினைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், கள்ளி! எங்க தூக்கிட்டுப் போறே?"

"நீங்க 'வா வா'ன்னு கூப்பிட்டுத்தான நுழைஞ்சேன், ஐயா? வரும்போது எண்ணம் ஒண்ணுமில்ல, நியாயம் கேக்கத்தான் வந்தேன். மெஷினைப் பாத்த பொறகுதான் தோணுச்சு. இங்கிலாந்துல கேட்டுப் பாருங்க."

ஜிஜோ மேஜையில் ஓங்கி அடித்தார். "இங்கிலாந்தாவது மண்ணாங்கட்டியாவது! இது கேரளம்! இப்பவே போலீசைக் கூப்பிடுறேன்!"

ஆக, அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்குத்தான் சாமிப்பாறை எஸ்டேட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது. சிசிலியைப் பிடித்துக்கொடுக்க அது தேவைப்பட்டது.