க்ளோஷர் கேட்டு வந்தவர்கள்

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். "அந்த விஷயம் முடிஞ்சுதா இல்லையா, ஒரே வரியில எழுது" என்று கேட்டிருந்தீர்கள். முடிந்தது. எப்படி முடிந்தது என்று சொல்லத்தான் இவ்வளவு தாள்.

எங்கள் கல்யாணம் வேண்டாம் என்று போன மாதம் சொன்னவர் அவர்தான். நான் சரியென்று தலையாட்டிவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போலக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டேன். அழவில்லை, காரணம் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. பத்தாம் நாள் கடைக்கே வந்து, தளராத ஸ்க்ரூவை முறுக்கச் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "நமக்குள்ள ஒரு க்ளோஷர் வேணும்" என்றார். வீட்டுக்குப் போய், நீங்கள் வாங்கித் தந்த அகராதியைப் புரட்டினேன். முற்றுப்பெறுதல், மனம் அமைதியடைதல் என்று என்னென்னவோ போட்டிருந்தது. அகராதி எழுதியவர்கள் பாவம், இவரைப் பார்த்ததில்லை. நான் கற்ற பொருள் இது: ஒருத்தியை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தான் ரொம்ப நல்லவன் என்று அவளிடமே சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவது.

பயன்படுத்தும் முறையையும் அவரே கற்றுக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை டீக்கடையில் இரண்டே கால் மணி நேரம். அவருடைய பள்ளிக்கூட நாட்களில் ஆரம்பித்து எல்லாம் வந்தது. ஏன் வேண்டாம் என்பது மட்டும் வரவில்லை.

"உனக்குக் கோவமே வரலையா?"

"இல்லைங்க."

"கொஞ்சம்கூடவா?"

"டீ ஆறுது, குடிங்க."

அந்த க்ளோஷர் போதவில்லையாம், செவ்வாயன்று இன்னொன்று. வியாழனன்று அவருடைய அம்மா கடைக்கு வந்தார். "அவனுக்கு மட்டும் குடுத்தியாமே, எனக்கும் அதைக் குடுத்துடும்மா, மனசே சரியில்ல" என்றவர், வந்ததுதான் வந்தோம் என்று கண்ணையும் பரிசோதித்துக்கொண்டு, நாலு ஃப்ரேம் மாட்டிப் பார்த்து, "என் மூக்குக்கு இது எடுப்பா இருக்கா?" என்று என்னையே கேட்டார். எடுப்பாகத்தான் இருந்தது, சொன்னேன். சனிக்கிழமை அவருடைய அக்கா வந்து நின்றபோது எங்கள் முதலாளி, "இன்னும் எத்தனை பேரும்மா பாக்கி? சொன்னா டோக்கன் போட்டுடலாம்" என்றார்.

நேற்று அவர் மறுபடி வந்தார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்: 'நீங்கள் நல்லவர். எனக்கு வருத்தம் இல்லை. இனி வர வேண்டாம்.' கேட்ட சான்றிதழ்தானே? படித்ததும் முகம் தொங்கிப்போயிற்று. "வருத்தமே இல்லையா?" என்றார். கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். முடிந்துபோன ஒன்றை உட்கார்ந்து பேசி முடிக்கப் பார்க்கிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இவர்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா, அத்தை?

மாமாவுக்கு என் வணக்கம். மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரியமுள்ள
மருமகள்

பி.கு.: நான் படிக்கக் கொடுத்த புத்தகம் ஒன்று அவரிடம் இருக்கிறது. தபாலில் அனுப்பட்டுமா என்று இன்று காலையில் போனில் கேட்டிருந்தார். அட்டை மடங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். போகிறதுதான் போகிறேன், ஏன் வேண்டாம் என்றார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமென்று இருக்கிறேன். தயவுசெய்து இதற்கு அந்தப் பெயரை வைத்துவிடாதீர்கள்.