முதுகில் குத்திய பாக்கி

ஒரு காட்டில், மூங்கில் புதரும் ஓடையும் சந்திக்கும் முனையில், மாசிலாமணி என்ற முள்ளம்பன்றி ஒரு பொந்தில் கிழங்குக் கடை வைத்திருந்தார். அந்தக் காட்டில் புளியங்கொட்டைதான் காசு. கொட்டை இருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் கடன். கடனைத் தேக்கிலையில் கீறித் தன் முதுகு முள்ளிலேயே குத்தி வைத்துக்கொள்வார். ஆளுக்கு ஓர் இலை.

மனைவி இருந்தவரை இலை குத்துவது அவள் வேலை. அவள் போன பிறகு, தன் முதுகு தனக்கே எட்டாததால், கடன் வாங்கியவர்களே குத்திவிட்டுப் போனார்கள். "கொஞ்சம் திரும்புங்க அண்ணாச்சி" என்று குத்தும்போதே, சாப்பாடு ஆச்சா, இருமல் தேவலையா என்று இரண்டு வார்த்தை கேட்பார்கள். கடனைக் கட்ட வரும்போதும் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஒரு கொட்டையை மட்டும் தராமல், "இது இருக்கட்டும்" என்று எடுத்துக்கொண்டு போவார்கள். இலை முதுகிலேயே இருக்கும்.

ஒருநாள் கருத்தபாண்டி வந்தார். கிழங்கு தோண்டிச் சரக்குப் போடும் காட்டுப்பன்றி அவர்.

"ஆயிரத்து இருநூறு கொட்டை நிக்குது, மாசிலாமணி. பௌர்ணமிக்குள்ள வரல்லேன்னா இந்தப் பொந்தை நான் எடுத்துக்கிடுவேன். என் மருமகன் சும்மாதான் இருக்கான்."

மாசிலாமணி பெட்டியைத் திறந்தார். பதினோரு கொட்டை. முதுகில் இருந்ததோ இரண்டாயிரத்துக்கு மேல். பொந்து போனால் எங்கே போவது என்று அன்று பூராவும் யோசித்தார். கடைசியில் கீரி கிருபாகரனைக் கூட்டிவந்தார். கிருபாகரன் நகரத்தில் ஒரு மாவு மில்லின் கணக்கறைக்குக் கீழே ஆறு மாதம் வளை வைத்திருந்தவர். ஆகவே நிர்வாகம் தெரியும்.

"சரக்கு இருக்கு, வாடிக்கை இருக்கு. சிஸ்டம்தான் சார் இல்லை" என்றார் கிருபாகரன்.

மறுநாளே சிஸ்டம் வந்தது. கடன் வேண்டுவோருக்கு விண்ணப்பப் படிவம்: பெயர், இனம், வாலின் நீளம், சிபாரிசுக்கு இரண்டு விலங்குகள். அந்த இரண்டும் ஒன்றையொன்று தின்னாதவையாக இருக்க வேண்டும். பழைய கடனுக்குப் பதினைந்து நாள் கெடு. முன்னதாகக் கட்டினால் நூற்றுக்கு இரண்டு தள்ளுபடி. கட்டாதவர் வாசலில் ஒரு கிளி போய் உட்காரும். "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் நிலுவை நாற்பத்தொரு கொட்டை. ஏற்கெனவே செலுத்தியிருந்தால் இச்செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்" என்று, கட்டும்வரை சொல்லும்.

மூன்றாம் நாளே கடை முன்னால் வரிசை நின்றது. மங்கையர்க்கரசி என்ற மிளா மான் நாற்பது கொட்டையை எண்ணி வைத்துவிட்டு, மீதி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டும்."

"அதையும் வைங்கம்மா. நிலுவை பூஜ்யம் ஆகணும்" என்றார் கிருபாகரன்.

அவள் மாசிலாமணியைப் பார்த்தாள். மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

"அப்போ கணக்கை முடிச்சுக்கிடுதீங்க. சரி அண்ணாச்சி, நல்லா இருங்க." தன் இலையைத் தானே முள்ளிலிருந்து உருவிக்கொண்டு போனாள். பின்னால் நின்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

நல்லசிவம் என்ற நரி மட்டும் வரவில்லை. அவர் கணக்கு இருநூற்றுப் பதினாலு. அங்கே போன கிளி மாலையில் திரும்பிவந்து, "ஐயா வெளியூர் போயிருக்கார், ஐயா வெளியூர் போயிருக்கார்" என்றது. வேறு எதுவும் அதற்கு நினைவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் கருத்தபாண்டிக்கு ஆயிரத்து இருநூறும் போய்ச் சேர்ந்தது. அவர் மகிழ்ந்துபோய், அடுத்த பௌர்ணமிக் கெடுவில் இரண்டு மடங்கு சரக்கை இறக்கிவிட்டுப் போனார்.

அதன் பிறகு கடைக்கு ஒருவரும் வரவில்லை. எட்டு நாளில் கிழங்கு முளைவிட்டது. மாசிலாமணி ஓடைக்கரையில் மங்கையர்க்கரசியைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன தாயி, கடைப்பக்கம் காணோம்?"

"அங்கதான் கணக்கு முடிஞ்சுபோச்சே. அக்கரைப் பெருச்சாளி கடையில ஒரு கொட்டை நிக்குது. அங்க போகாம இருந்தா, ஏமாத்திட்டாள்னு பேச மாட்டாங்களா?"

கிருபாகரனோ உற்சாகமாக இருந்தார். "காட்டிலேயே நிலுவை குறைஞ்ச கடை நம்ம கடைதான் சார்" என்று சொல்லித் தன் கூலிச் சீட்டை நீட்டினார். எண்பது கொட்டை. மாசிலாமணி ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் எண்ணிக் கொடுத்து, "நல்லா இருங்க" என்றார். அவரோடு கிளியும் கிளம்பியது.

அன்று சாயங்காலம் புதர் அசைந்தது. நல்லசிவம் வந்தார்.

"வெளியூர் போயிருந்தேன் அண்ணாச்சி."

"எந்த ஊரு?"

"இந்தப் புதருக்கு அந்தப் பக்கம்தான். கிளி எப்போ போகும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நாலு கிழங்கு போடுங்க, கணக்குல." நரி சுற்றுமுற்றும் பார்த்தார். "என்ன, ஆளையே காணோம்? நான் ஒருத்தன்தான் உங்களை விடலை போலிருக்கே. சரி, திரும்புங்க. இலை தொங்குது, குத்திவிடுதேன். இருமல் தேவலையா?"

முள்ளில் கை பட்டு எத்தனை நாளாயிற்று. மாசிலாமணி நாலு கேட்டவருக்கு ஆறு கிழங்கு போட்டார்.

மறுநாள் விடிந்ததும் பெட்டியில் மிஞ்சிய கொட்டைகளை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மிளாவின் வாசலில் ஒரு கொட்டையை நீட்டினார்.

"அன்னைக்கு ஒண்ணு கூடுதலா வாங்கிட்டேன் தாயி. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

மங்கையர்க்கரசி கொட்டையை வாங்கிக்கொண்டாள். "அப்போ ஒண்ணு நிக்குதுன்னு சொல்லுங்க. திரும்புங்க அண்ணாச்சி. ஏன் இப்படி இளைச்சுப்போயிட்டீங்க?"

பொழுது சாய்வதற்குள் முதுகு மறுபடி தேக்குமரம் ஆனது. முளைவிட்ட கிழங்கைக்கூடத் திட்டிக்கொண்டே வாங்கிப் போனார்கள். பாதிப் பேர் கையிலிருந்த கொட்டையைக் கொடுத்து, பாதிப் பேர் கடனாக. நல்லசிவத்தின் இலை மட்டும் நட்ட நடுவில், யாரும் தொடாத இடத்தில் இருந்தது. அதில் இருநூற்று இருபது.

அடுத்த பௌர்ணமிக்குக் கருத்தபாண்டி மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய மிச்சமும் புது வரவுமாக மாசிலாமணி இரண்டாயிரத்து நானூறு கொட்டையைக் குவித்தார். குவியலிலிருந்து ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும்."

கருத்தபாண்டி அவரையே பார்த்தார். பிறகு மருமகன் பக்கம் திரும்பி, "இங்க கணக்கு முடியாது போலிருக்கு. வேற பொந்து பார்ப்போம், வாடே" என்றார்.

நீதி: வேண்டியவர்களுக்கு ஒரு கொட்டையாவது பாக்கி வை, வேண்டாதவர்களுக்கு முழுதாகக் கட்டிவிடு.